மூன்றாம் வரிசை ஓரத்து இருக்கை

கோடை விடுமுறையில் பல்கலைக்கழக அரங்கை வெளியாருக்கு வாடகைக்கு விடுவார்கள். வருபவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது அரங்கப் பொறுப்பாளரான அவள் வேலை. அன்று பல் மருத்துவர் ஒருவர், தங்கள் மாநாட்டுக்காக இடம் பார்க்க வந்திருந்தார்.

ஆள் எழுந்ததும் தானாக மடங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் இருக்கைகள் அவை. மூன்றாம் வரிசை ஓரத்தில் ஒன்று மட்டும் விரிந்தே இருந்தது. மருத்துவர் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"ரிப்பேரா? எங்க தலைவர் அங்கதான் உட்காரணும்."

"சரி பண்ணிடலாங்க."

அவர் வெளியே போனதும் அவள் குனிந்து மெல்லச் சொன்னாள்.

"ஏங்க, வெளியாளுங்க வர்றாங்க. கொஞ்சம் பின்னாடி போய் உட்காருங்களேன்."

இருக்கை மெதுவாக மடங்கிக்கொண்டது. இதே அரங்கில் மைக் செட் பார்த்துவந்த அவள் கணவர் போன மழைக்காலத்தில் இறந்துபோயிருந்தார். உயிரோடு இருந்தபோதும் அவர் அவள் பேச்சைத் தட்டியதில்லை.

மாநாட்டன்று கூட்டம் நிறைய. காலையிலிருந்து ஓடியாடிய அவள் கால் கடுக்கக் கதவோரம் நின்றாள். கடைசி வரிசையில் மட்டும் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. ஒன்று ஏற்கெனவே விரிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து இருக்கையும் விரிந்து, யாரோ கையால் அழுத்திப் பிடித்ததுபோல் அப்படியே நின்றது.

அவள் போய் உட்கார்ந்தாள்.