ஓனர் ஊரில் இல்லை

தட்! தட்! தட்!

கதவு அதிர்ந்த அதிர்ச்சியில் டெய்லர் ஏணியிலிருந்து பாதி இறங்கி, பாதி விழுந்தார். தலைமுடியெல்லாம் வெள்ளை பெயின்ட். ஆள் வைத்து அடிக்க வக்கில்லாமல் அவரே பிரஷ் பிடித்திருந்தார்.

"இன்னொருத்தனாங்க?" சமையலறையிலிருந்து மனைவி கிசுகிசுத்தாள். "கேட் சத்தமே கேக்கலியே!"

துருப்பிடித்த அந்த கேட், யார் தொட்டாலும் கிறீச்சிட்டுத் தெருவையே கூட்டும். இன்று ஏனோ முனகக்கூட இல்லை.

பேங்க் ஏலத்தில் மலிவாகக் கிடைத்த வீடு. பழைய ஓனர் வைத்த பாக்கியெல்லாம் ஏலம் எடுத்தவர் தலையில்தான் என்பது, சாவி கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வீட்டு வரிக்கு வளையல் போனது. கரன்ட் பாக்கிக்குச் சங்கிலி. நாளைக்குள் தண்ணீர் பாக்கியைக் கட்டாவிட்டால் குழாயை வெட்டிவிடுவார்கள். மிச்சமிருப்பது தையல் மிஷின்தான்; அதையும் விற்றால் அடுப்பில் பூனை தூங்கும்.

பிரஷும் கையுமாக டெய்லர் கதவைத் திறந்தார். அக்குளில் பையை இடுக்கிக்கொண்டு ஒரு பெரியவர்.

"ஓனர் இருக்காரா?"

பாக்கி வசூலுக்கு வந்தவர் என்றே டெய்லர் நினைத்தார். நாக்கு தானாகவே புரண்டது.

"ஊர்ல இல்லீங்க. நான் பெயின்டர்."

"எப்ப வருவாரு?"

"ஒரு மாசம் ஆகும். எனக்கே கூலி தராம ஓடிட்டாரு சார்!"

"அடடா... நான் சாயங்கால பஸ்ல ஊரை விட்டே போறேனே."

போன உயிர் திரும்பி வந்தது டெய்லருக்கு. "என்ன விஷயமுங்க?"

பெரியவர் தலை குனிந்தார். "இந்த வீட்டைக் கோட்டை விட்டவன் நான்தாம்ப்பா. நான் வெச்ச தண்ணி பாக்கி அந்த மனுஷன் தலையில விடிஞ்சுதுன்னாங்க. மனசு கேக்கல, குடுத்துட்டுப் போலாம்னு கொண்டாந்தேன்."

"ஐயா! நான்தாங்க ஓனர்!"

"பத்திரம் இருக்கா?"

"அது... கடனுக்கு பேங்க்ல இருக்குங்க..."

பெரியவர் அந்தப் பெயின்ட் தலையை ஏற இறங்கப் பார்த்தார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். கேட்டை லேசாகத் தூக்கி, சத்தமில்லாமல் திறந்தார்.

"பணம்னதும் பெயின்டர் ஓனராயிட்டியாக்கும்?"