தொட்டியின் அடியில்

மலைக்குள் ஒரே பாறையில் கூட்டாளிகள் எல்லோரோடும் நெருக்கியடித்துக் கிடந்த நாட்கள், சுத்திகரிப்புத் தொட்டியின் அமிலத்தில் தொங்கியபோதும் தடித்த செம்புத் தகட்டுக்கு நினைவிலிருந்தன.

"உன்னோட ஒட்டிக்கிட்டிருக்கிற அந்த அழுக்குக் கூட்டத்தை விட்டுட்டு வா. என்னை மாதிரி மின்னலாம்," என்றது எதிரே தொங்கிய சுத்தத் தகடு.

மின்சாரம் பாய்ந்தது. செம்பு மெல்லக் கரைந்து, எதிர்த் தகட்டில் போய் ஒட்டிப் பளபளத்தது. பழைய கூட்டாளிகள் கரிய சேறாக அடியில் தங்கிவிட்டார்கள்.

ஒருநாள் ஆட்கள் வந்து செம்பைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சேற்றைச் சிந்தாமல் வழித்துப் பெட்டியில் பூட்டினார்கள்.

"சேத்துக்கு எதுக்கு இத்தனை பந்தோபஸ்து?" என்றது செம்பு.

"தங்கமும் வெள்ளியுமாச்சே! உனக்குத் தெரியாதா?" என்றது பெட்டி.



"மலையில எம்மேல சாஞ்சுதான் தூங்குவாங்க," என்றது செம்பு. "பேரைக்கூட நான் கேட்டதில்லை."