அணிப் பட்டியல்

ஆறாவது மேட்ச்சிலும் மகளைப் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டாள் கோச்.

இடைவேளை விசில் ஊதியதும், கோல்கீப்பர் பெண்ணின் அம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவின் பக்கமாக நகர்ந்து வந்தாள்.

"நீங்க எதுவும் கேக்க மாட்டீங்களா சார்? போன சீசன்ல ஏழு கோல் போட்ட பொண்ணு. கண்ணெதிர்ல ஓரங்கட்டறாங்க. நானா இருந்தா சும்மா விட்டிருக்க மாட்டேன்."

"கேக்கணும்," என்றார் அவர்.

அவருக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். மகளின் முகம், ஓரங்கட்டப்பட்ட பிள்ளையின் முகம் மாதிரியே இல்லை. பெஞ்சில் இருந்த மற்ற பெண்கள் எப்போது இறக்குவாள் என்று கோச்சையே பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் ஸ்கூட்டரில் வரும்போதே கேட்டுப் பார்த்தார்.

"உன்னை ஏன் இறக்கறதில்லைன்னு கோச்கிட்ட கேட்டியாம்மா?"

"இல்லப்பா."

"நான் கேக்கட்டுமா?"

"வேண்டாம்பா. நீங்க ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

அதற்கு மேல் பேச்சு நகரவில்லை.

இருபத்திரண்டு வருஷம் அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்தவர் அவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அச்சகத்தை மூடிவிட்டார்கள். மறுநாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், சாப்பிடவும் குளிக்கவும் மட்டும்தான் எழுந்தார். மனைவி மருந்துக்கடை வேலையில் குடும்பத்தை ஓட்டினாள். "எத்தனை நாளைக்கு இப்படியே படுத்திருப்பீங்க?" என்று அவள் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஐந்து மாதம் அப்படியே போனது. அப்புறம்தான் மகள் ஹாக்கி அணியில் சேர்ந்தாள். காலை ஐந்தரைக்குப் பயிற்சி. விடிவதற்கு முன் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது. வேறு வழியில்லாமல் எழுந்தார்.

ஒரு நாள், கைப்பிடி டேப் பிய்ந்து தொங்கிய ஸ்டிக் ஒன்று கிரவுண்டில் கிடந்தது. பழகின கை சும்மா இருக்குமா? அழகாகச் சுற்றிக் கொடுத்தார். மறுநாள் நாலு ஸ்டிக் வந்தது. அப்புறம் கோல் வலைக் கிழிசல், பந்துப் பையின் ஜிப், ஸ்கோர் போர்டின் கொக்கி. ஒரே மாதத்தில் எல்லாருக்கும் 'டேப் அங்கிள்' ஆகிவிட்டார். பயிற்சி நேரம் பூராவும் சாமான் அறையில்தான் இருப்பு. அப்பா வேலை செய்துகொண்டே பாட்டு முணுமுணுக்கிறார் என்று மகள் வீட்டில் போட்டுக்கொடுத்த அன்று, மனைவி ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

இரண்டாம் பாதி தொடங்கியது. அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து ஸ்கோர் எழுதுகிறவரின் மேஜைக்குப் போனார்.

"தம்பி, நம்ம டீம் லிஸ்ட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

அட்டையில் கிளிப் போட்டிருந்த தாளை அவன் நீட்டினான்.

பதினெட்டுப் பேர். மேலிருந்து படித்தார். மகள் பெயரைக் காணோம். கீழிருந்து மறுபடி படித்தார். பிழை பார்த்துப் பழகிய கண். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் தப்பாது. பெயர் விட்டுப்போகவில்லை. எழுதவே இல்லை.

பட்டியலின் அடியில் பயிற்சியாளர் என்று கோச்சின் பெயர். அதற்குக் கீழே, அணி உதவியாளர் என்று போட்டு, இனிஷியலோடு அவருடைய பெயர்.

மேட்ச் முடிந்து, எல்லைக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த கோச்சிடம் போனார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? சண்டை போட வரல. எனக்குப் புரியல, அதான்."

"கேளுங்க சார்."

"லிஸ்ட்ல அவ பேரு இல்லையே. போன மேட்ச்லயும் இல்லையா?"

கோச் கொடிகளைக் கீழே வைத்தாள்.

"ஆறு மேட்ச்லயும் இல்லை சார்."

"சரியா ஆடலையா?"

"ஆடறதுல ஒரு குறையும் இல்லை."

"அப்ப, வேற யாருக்காவது இடம் விடணும்னு..."

"யாருக்காகவும் நான் எடுக்கல." மைதானத்தின் அந்தக் கோடியில் மகள் தண்ணீர் பாட்டில்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கோச் ஒரு முறை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா."

அவர் கீழே இருந்த கொடிகளைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"மூணு மாசம் முன்னாடி வந்தா. 'எனக்கு ஹாக்கி போதும் மேடம். கணக்குப் போட்டிக்குப் படிக்கணும், அதுதான் பிடிச்சிருக்கு'ன்னா. மனசு இல்லாதவளை ஓடவெச்சு என்ன பண்றது? சரிம்மா, நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏன் தினமும் வரா?"

"கேட் வரைக்கும் போனவ திரும்பி வந்தா சார். எப்பவும் போல வரேன், ரெண்டு ரவுண்டு ஓடறேன், மேட்ச்சுக்கு ஜெர்சி போட்டுட்டு ஓரமா உட்கார்ந்துக்கறேன்னா. எதுக்கும்மா இந்த வேஷம்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'என் பேரை எடுத்துடுங்க மேடம். எங்கப்பா பேரை மட்டும் எடுத்துடாதீங்க'ன்னா."