ஆறாவது கட்டம்

கண்ணாடி போட்டவர் எவரும் பிறக்காத குடும்பம் அது. அந்த வீட்டுக்குள் வந்த ஒரே கண்ணாடி மருமகளுடையது. அதைக் குத்திக் காட்டாமல் மாமனாருக்குச் சோறு இறங்காது. ஆகவே கணினியில் எழுத்துகள் அவருக்கு மங்கித் தெரிந்தபோது, குற்றம் திரையின் மேல்தான் விழுந்தது.

கணினிக் கடையில் வேலை பார்க்கும் மருமகள், எழுத்தைத் தெளிவாக்கும் சோதனையை அதில் திறந்தாள்; எந்தக் கட்டத்தை அழுத்துகிறோமோ, திரை முழுவதும் அதைப் போல மாறிவிடும். ஒரே வரி ஆறு கட்டங்களில் வந்தது. ஒன்றில் எழுத்தின் ஓரம் சிவந்திருந்தது. இன்னொன்றில் நீலம் கசிந்தது. ஆறாவது கட்டம் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது.

"எது பளிச்சுனு இருக்கு மாமா?"

"இதென்ன கேள்வி? ஆறாவதுதான்."

"அதுல ஒண்ணுமே இல்லையே!"

"நாலு கண்ணு இருந்து என்ன பிரயோஜனம்?"

பட்டால்தான் தெரியும் என்று அவள் அதையே அழுத்தினாள். திரை முழுவதும் சாம்பலானது. மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்து, வரி வரியாகப் படிக்கத் தொடங்கினார்.

வேலை முடிந்து வந்த கணவன் அவர் பின்னால் நின்றான். "அடேயப்பா, அச்சடிச்ச மாதிரி இருக்கே!"

"என்னங்க எழுதியிருக்கு?"

"நம்ம வீட்டு விஷயம்தான்," என்றான் அவன், திரும்பாமலே.

அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்த மகள், தாத்தாவின் மடியில் ஏறினாள். அவள் விரல் திரையில் ஊர்ந்து, நடுவில் ஓரிடத்தில் நின்றது.

"அம்மா, இங்க உன் பேரு இருக்கு!"

"என்னடி போட்டிருக்கு?" மருமகள் மூச்சுப் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். சாம்பல் மட்டும்தான்.

"அந்த வரியை மட்டும் மனசுக்குள்ள படிம்மா," என்றார் மாமனார் பேத்தியிடம்.

மூன்று பேரின் உதடுகளும் ஒன்றாக அசைந்தன.