கடைசி சைக்கிள்

அந்த ஞாயிறு வந்தவர்கள் ஐந்து பேர்: ஃபிராங்க் ஆஷ்கிராஃப்ட், பிரெண்டா செஃப்டன், ஆறடி உயரக் காலின், என் தங்கை டோரீன் ரிம்மர், நான். லிவர்பூல் கால்வாயின் கல்பாலத்தில் மூன்று பேர் நிற்கிறோம். கீழே தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சுவரில் சாய்ந்திருக்கின்றன. பிரெண்டா பிளாஸ்கின் மூடியில் டீ ஊற்றித் தருகிறாள். எதிரே கரிய சதுப்பு மண், முட்டைக்கோஸ் வரிசைகள், மரம் மறைக்காத வானம். எங்கள் சைக்கிள் குழுவில் கடைசியாக வருபவர் யாரையும் பின்னால் விட்டு வரக்கூடாது. நாற்பது வருடமாக அந்தக் கடைசி இடம் ரிம்மர் வீட்டுக்குரியது. இம்முறை டோரீன், வயது அறுபத்தெட்டு. "உன் தங்கச்சி எங்கயாவது படுத்துட்டாளாப்பா?" என்கிறான் ஃபிராங்க். "எதிர்க்காத்துல்ல. நான் வேணா போய்க் கூட்டிட்டு வரேன்" என்கிறாள் பிரெண்டா. "ரிம்மர் வீட்டு ஆளை யாரும் கூட்டிட்டு வர வேண்டியதில்லம்மா" என்கிறேன். கையில் டீ ஆறுகிறது. நேர்சாலையின் கோடியில் இரண்டு உருவங்கள் ஒட்டினாற்போல் தெரிகின்றன, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. "பாத்தியா, காலின் தள்ளிட்டு வர்றான்." ஃபிராங்க் சிரிக்கிறான். நான் முதுகை நிமிர்த்திச் சாலையையே பார்க்கிறேன். நெருங்கி வருகிறார்கள். காலினின் கால்கள் மிதிக்கவில்லை. அறுந்த சைக்கிள் சங்கிலி அவன் கழுத்தில் மாலையாகத் தொங்குகிறது. பாலத்தடியில் அவனை முன்னால் ஏறவிட்டு, முறைப்படி கடைசியாக டோரீன் ஏறுகிறாள். "டீ மிச்சம் இருக்கா?" என்கிறாள். காலின்தான் டோரீனைத் தள்ளிக்கொண்டு வந்தான் என்று குழுவில் இப்போது பேச்சு. தவறு. முதுகு காலினுடையது, தள்ளிய கை டோரீனுடையது.