நான்காம் சுருளில் ஒரு புல்லாங்குழல்

திரையில் நடந்து போகிறவன் அவள் புருஷன்.

தோளில் மரக்கட்டை. தலையில் யாருடைய தொப்பியோ. பனியில் கட்டை சுமந்து போகிறவர்களின் வரிசையில் மூன்றாவது ஆள்.

கிரில்தான். இடது காலை லேசாக இழுக்கிற அந்த நடையை ஆயிரம் பேரிலும் கண்டுபிடித்துவிடுவாள்.

நன்றாகப் பார்ப்பதற்குள் ஓரத்துக்குப் போய் மறைந்துவிட்டான்.



பதினோரு மாதத்துக்கு முன் ரகசியப் போலீஸார் வீட்டுக்கு வந்து அவனை அழைத்துப் போனார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் சிறை வாசலில் கைதிகளைப் பற்றிக் கேட்கிற விசாரணை ஜன்னலில் போய் நிற்கிறாள். அப்படி ஒரு பெயரே இல்லை என்பார் உள்ளே இருக்கிற மகராசன், காகிதத்தைப் புரட்டாமலே.

லெனின்கிராடின் இந்தத் தியேட்டரில் அவள் புல்லாங்குழல் வாசிக்கிறவள். பேசாத படத்துக்குத் திரைக்குக் கீழே உட்கார்ந்து இருபது பேர் வாசிப்பார்கள். திரையைப் பார்ப்பவர் இசை நடத்துநர் மட்டும். மற்றவர்களுக்கு அது முதுகுப்பக்கம்.

இன்று உதடு வெடித்திருந்தது. வேறொருத்தி வாசித்தாள். வந்ததுதான் வந்தோம் என்று முதல்முறையாகப் படம் பார்க்க உட்கார்ந்தாள்.

இந்தப் படம் ஓடத் தொடங்கி முப்பத்துநாலு நாள். நாளுக்கு மூன்று காட்சி.

அத்தனை தடவையும் அவள் முதுகுக்குப் பின்னால் அவன் நடந்து போயிருக்கிறான்.

அதுவும் அவள் தனியாக வாசிக்கிற இடத்தில்.

ஒத்திகையில் நடத்துநர் யெகோர் பாவ்லோவிச் சொல்லியிருந்தார்: "இந்த இடத்துல சிரிச்ச முகமா ஊதணும், ஸினா. உழைக்கிறவங்க சந்தோஷமாப் போறாங்க."

அவளும் அப்படித்தான் ஊதினாள். பாவி, நூறு தடவை ஊதினாள்.

மறுநாள் புண்ணோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

படத்தின் நான்காம் சுருள், அவன் நடந்து போகிற இடம். நடத்துநரின் கோல் அவள் பக்கம் திரும்பியது.

முதல் சுரத்தை எடுத்தாள். விடவில்லை.

யெகோர் பாவ்லோவிச் முறைத்தார். கோல் பலகையில் தட்டியது. அவள் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த சுரத்தையும் இழுத்தாள். உதட்டிலிருந்து ரத்தம் கசிந்து வாயில் கரித்தது.

வேறு வழியில்லாமல் கோல் மெதுவானது. வயலின்கள் மெதுவாயின.

இசை இழுத்தால் படத்தையும் மெதுவாக ஓட்டி இழுத்துப் பிடிப்பது, படம் காட்டுகிற மெஷின்காரரின் வேலை. மேலே அவர் அறையில் சக்கரத்தின் கடகடப்பு தணிந்தது.

மூச்சு தீரத் தீர அவள் அந்தச் சுரத்தை இன்னும் இழுத்தாள்.

இந்த மூச்சு இருக்கும்வரை அவன் திரையைவிட்டுப் போகமாட்டான்.