ஏழு பேருக்கான ஸீட்

ஏழு பேர் உட்காரும் ஸீட்டில் பன்னிரண்டு பேரும் ஏறுங்கள் என்று முதலாளி சொன்னதும் லூர்தம்மாள் அக்கா சிரித்த சிரிப்பு தண்டலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும்.

முதலாளி ஜெபதாஸ் சிரிக்கவில்லை. செம்பரம்பாக்கம் பக்கமிருந்து மார்கழிக் காற்று சில்லென்று அடிக்கிறது. மனிதர் காலையிலிருந்து இரண்டு சட்டை மாற்றிவிட்டார், அவ்வளவு வியர்வை.

விஷயம் இதுதான். எண்பத்தைந்தாம் வருஷம். கடல் கடந்த ஒரு நகரத்தில் பூமிக்கு அடியில் ரயில் ஓடுகிறதாம். எங்கள் தாத்தா காலத்து ரயில். ஆடி ஓய்ந்துபோன அந்த வண்டிகளைக் கழித்துக் கட்டிவிட்டுப் புது வண்டி விடப் போகிறார்கள். பெட்டியை யாரோ செய்கிறார்கள். ஸீட்டுக்கு மட்டும் மூன்று ஊர்களில் சாம்பிள் கேட்டிருந்தார்கள். அதில் ஒன்று எங்கள் தகர ஷெட்.

சாம்பிள் தேறினால் ஆறாயிரம் ஸீட், நான்கு வருஷத்துக்கு வேலை. தேறாவிட்டால் பொங்கலோடு ஷெட்டுக்குப் பூட்டு. முதலாளியே எங்களைக் கூப்பிட்டு இதைச் சொல்லியிருந்தார்.

சோதிக்க வந்த வெள்ளைக்காரரின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. துரை என்று வைத்துக்கொண்டோம்.

ஸீட்டை ஆட்டும் மேடையில் முடுக்கி, பாரம் ஏற்றி, முக்கால் மணி நேரம் குலுக்க வேண்டும். ஒரு ஆணிகூட அசையக் கூடாது. பாரத்துக்கு மணல் மூட்டை தயாராக இருந்தது. துரை மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மணல் நெளியாது, மனிதன்தான் நெளிவான், ஆட்களை ஏற்று என்றாராம்.

அவர் ஊர்க் கணக்கில் ஏழு பேர் என்றால் ஐந்நூற்று இருபத்தைந்து கிலோ. மூட்டை நிறுக்கும் தராசில் எங்களில் ஏழு பேரை ஒவ்வொருவராக ஏற்றிக் கூட்டிப் பார்த்தார்கள். முந்நூறுதான் வந்தது.

தராசு ரிப்பேர் என்று நினைத்துத் துரை தானே ஏறிப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது.

ஷெட்டில் வேலை செய்யும் பெண்கள் மொத்தமே பன்னிரண்டு பேர். கடைசி ஆளாகக் கனகம் ஏறிய பிறகுதான் ஐந்நூற்று இருபத்தேழு வந்தது. இரண்டு கிலோ கொசுறு.

ஏழு பேர் கீழே, ஐந்து பேர் மடியில். எனக்குக் கிடைத்தது லூர்தம்மாள் அக்காவின் மடி.

மோட்டார் ஓடியது. முதல் குலுக்கலில் நான் மாதாவைக் கூப்பிட்டேன், கனகம் பெருமாளைக் கூப்பிட்டாள். நாலாவது குலுக்கலில் இரண்டு பேருமே சிரித்துக்கொண்டிருந்தோம்.

"இன்னாக்கா, எங்க போவுது இந்த ரயிலு?" என்று மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்தினாள் கனகம்.

"பூமிக்கடியிலடி! கால உள்ள வச்சிகினு குந்து!" என்றாள் அக்கா.

பாதி நேரத்தில் இடது பக்கம் படீரென்று ஒரு சத்தம்.

எனக்கு உயிரே போய்விட்டது. இடது பக்கத்து ஆணியெல்லாம் நான் அடித்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். நான்கு வருஷ வேலையும் போச்சு என்றே நினைத்தேன்.

உடைந்தது அம்சவல்லியின் கண்ணாடி வளையல்.

அப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. கத்தினோம், நெளிந்தோம், வேண்டுமென்றே எம்பி எம்பி உட்கார்ந்தோம். எங்கள் ஸீட் கல்லு மாதிரி நின்றது. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

மோட்டார் நின்றதும் எங்களை அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு, துரை டார்ச் விளக்கோடு மல்லாந்து ஸீட்டுக்கு அடியில் போனார். வெளியே இரண்டு பூட்ஸ் மட்டும் தெரிந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

வந்தார். சட்டையைத் தட்டிக்கொண்டார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

முதலாளி அவரைக் கட்டிப்பிடித்தே விட்டார். நாங்கள் போட்ட கூச்சலில் ரோட்டில் போன லாரிக்காரன் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"போதும், எறங்குங்க. டேபிளுக்குப் போங்க" என்றார் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் எழப் போனேன். என் இடுப்பை லூர்தம்மாள் அக்காவின் இரண்டு கைகளும் இறுக்கிப் பிடித்தன.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இறங்கவில்லை.

அந்த ஷெட்டில் வேலை நேரத்தில் நாங்கள் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. காலை எட்டு மணிக்கு மேஜை முன்னால் நின்றால், சாப்பாட்டு மணி தவிர, ஐந்து மணிக்குத்தான் காலை மடக்கலாம். போன மாதம் சின்னப்பொண்ணு, ஏழு மாத வயிற்றோடு, செய்து முடித்த ஸீட் ஒன்றில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு போனபோது நாங்கள் பன்னிரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தோம்.

"நிக்க முடில சார்" என்றாள் லூர்தம்மாள் அக்கா. "ஸ்டூலு போடுங்க, எறங்கறோம்."

எனக்குப் பயமும் குஷியும் ஒன்றாக வந்தது. இறங்குவதாக இல்லை.

என்னவாம் என்று துரை கேட்டார். முதலாளி அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு, "எத்தன ஸ்டூலு?" என்றார்.

"பதிமூணு சார்" என்றாள் லூர்தம்மாள் அக்கா.